ஏரி மேல் ஏறும் வண்டிக்கு ஆணி டயர்

தம்பெரே, பின்லாந்து
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை பேசும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேரன் வீடியோவில் அவனுடைய ரிமோட் பொம்மை வண்டியைக் காட்டினான். "ஐஸ் மேல எப்படிடா வழுக்காம ஏறுது?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் உங்கள் பக்கம் கரண்டு போய்விட்டது. நாற்பது வருஷம் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரிகளுக்கு டயர் கட்டிய உங்களுக்கு அதை ஃபோனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் வருஷக்கணக்காக வைத்திருந்த நோக்கியா ஃபோன் நினைவிருக்கிறதா? அந்தப் பெயர் ஒரு ஊரின் பெயர். இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரம்தான். ஃபோன் கம்பெனியோடு ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த டயர் கம்பெனி இன்னமும் அங்கேதான் இருக்கிறது. உலகத்திலேயே முதல் பனிக்கால டயரை 1934இல் அவர்கள்தான் செய்தார்கள், அதுவும் லாரிக்கு. இதை முதலில் கேள்விப்பட்ட அன்று உங்கள் பட்டறைதான் கண் முன்னால் வந்தது.

இங்கே பனிக்காலத்தில் எல்லாக் காருக்கும் வேறு டயர். பெரும்பாலானவர்கள் ஆணி வைத்த டயர்தான் போடுகிறார்கள். ஆணிக்கு இவர்கள் சொல்வது 'நஸ்தா'. நடக்கிறவர்களுக்குச் செருப்பின் அடியிலும் நஸ்தா உண்டு, நானும் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். சாலை தேய்கிறது என்பதால் டயரின் சுற்றளவில் ஒரு மீட்டருக்கு 50 ஆணி வரை என்று சட்டத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பேரனுடைய வண்டிக்கு 'க்ராலர்' என்று பெயர். நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு, எடை மூன்று கிலோ. வேகமாக ஓடாது, பாறை மேல் ஊர்ந்து ஏறும். நாலு சக்கரமும் இழுக்கும், முன்னும் பின்னும் டிஃப்ரன்ஷியல் லாக் ஆகியே இருக்கும், இடது வலது சக்கரம் சேர்ந்தே சுற்றும். டயர் பதினொன்றரை சென்டிமீட்டர் உயரம். உள்ளே காற்று கிடையாது, பஞ்சுதான். ரிம்மைப் பார்த்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். நம் லாரி வீலில் லாக் ரிங் வருமே, அதே மாதிரி ஒரு வளையம், பொடி ஸ்குரூக்களால் முடுக்கியது. கழற்றினால் டயர் கையோடு வந்துவிடும்.

கோடையில் அது எங்கே வேண்டுமானாலும் ஏறியது. பனி வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில், பையன் நெஞ்சு உயரம்கூட இல்லாத ஐஸ் மேட்டில், நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது. அவன் முகம் வாடியதைப் பார்த்த அன்று ராத்திரியே சாப்பாட்டு மேசையில் நாலு டயரையும் கழற்றிப் போட்டேன்.

முதல் தடவை வெளியிலிருந்து, டயர் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் பட்டனுக்குள் ஸ்குரூவை முடுக்கினேன். அரை மணி நேரத்தில் பாதி ஏரியில் உதிர்ந்துவிட்டது. மெத்தென்ற ரப்பர், எதைப் பிடித்து நிற்கும்? அடுத்து உள்ளிருந்து வெளியே. டயரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, ஒவ்வொரு பட்டனின் நடுவிலும் குத்தூசியால் ஒரு வழி போட்டு, எட்டு மில்லிமீட்டர் ஸ்குரூவை முடுக்கினேன். தலை தட்டையாக இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும், கூம்புத் தலை ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். முடுக்கும்போது பட்டன் முதலில் லேசாக உப்பும், ரப்பர் வெளுக்கும், அப்புறம் 'டிக்' என்று முனை வெளியே எட்டிப் பார்க்கும். இரண்டு மில்லிமீட்டர் நீட்டினால் போதும், அதற்கு மேல் போனால் ஆணி சாய்கிறது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான், அளவுகோலை வைத்து நீட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

ஒரு டயருக்கு 48 அடித்தோம். எவ்வளவு அதிகமோ அவ்வளவு பிடிப்பு என்று நினைத்தேன். ஏறவில்லை அப்பா. மேட்டில் பாதி போய், முனைகள் ஐஸைக் கீறிக்கொண்டே சறுக்கி வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மழைக்காலத்தில் ஒரு ரிக் லாரி நம் பட்டறை வாசலிலேயே வழுக்கி நின்றபோது, "லோடு இல்லாத வண்டிதான்டா சறுக்கும்" என்று சொன்னீர்களே, அதுதான் வழி காட்டியது. மூன்று கிலோவை நாலு சக்கரத்துக்குப் பிரித்தால் ஒரு சக்கரத்துக்கு முக்கால் கிலோ. ஒரே நேரத்தில் எட்டுப் பத்து முனை தரையைத் தொட்டால் ஒரு முனைக்கு நூறு கிராம்கூடச் சரியாக வராது. ஆணிப் படுக்கையில் ஆள் படுப்பது மாதிரி, எதுவும் குத்தி இறங்காது.

பாதியைக் கழற்றி 24 ஆக்கினேன். காருக்கான கணக்கை வைத்துப் பார்த்தால் இந்த டயருக்கு 18தான் வரும், அதுவும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே வரிசையில் வைக்காமல் இடதும் வலதுமாக மாற்றி வைத்தேன். முன்னால் போன ஆணி கீறிய தடத்திலேயே அடுத்த ஆணி விழுந்தால் அதற்குப் பிடி கிடைக்காது. முன் சக்கர ரிம்முக்குள் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் கட்டிகளைச் சுற்றி ஒட்டினேன். எடை மேலே ஏறாமல் சக்கரத்திலேயே தாழ்வாக இருப்பதால் வண்டி கவிழவும் இல்லை.

அன்று மைனஸ் பதினெட்டு. ஐஸ் அவ்வளவு குளிரில் கல் மாதிரி இறுகிவிடும், ஆணி இறங்கச் சிரமப்படும். சுழியத்துக்குப் பக்கத்தில், மேலே ஈரம் பூத்திருக்கும் நாளில்தான் வெறும் ரப்பர் மோசமாக வழுக்கும், ஆணி நன்றாகக் கடிக்கும். இருந்தும் முதல் தடவையிலேயே ஏறியது. முனைகள் ஐஸில் பதியும் சத்தம் கரகரவென்று அரிசி மெல்லுவது போல் கேட்டது. உச்சியில் போய் நின்றதும் பேரன், "அப்பாரு கிட்ட சொல்லணும்" என்றான். அதைத்தான் உங்களுக்கு வீடியோவில் காட்டினான்.

அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐந்து சென்டிமீட்டர் கெட்டி ஐஸ் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது இங்கத்திக் கணக்கு. மீன் பிடிக்க ஓட்டை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அளந்தே காட்டினார், முப்பதுக்கு மேல் இருந்தது. விரிசல் பக்கம் அவனை விடுவதில்லை.

அந்த விரிசலில் வண்டி ஒரு முறை இறங்கிவிட்டது. ரிம்மில் இருக்கும் காற்று ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, பஞ்சு ஊறி, பத்தே நிமிஷத்தில் உறைந்து, சக்கரம் கோணல் கருங்கல்லாக ஆகிவிட்டது. இப்போது அந்த ஓட்டையை அடைத்துவிட்டு, டயரின் நடுவில் இரண்டு சின்ன ஓட்டை போட்டிருக்கிறேன். வண்டியின் எடை அழுத்தும்போதே தண்ணீர் வெளியே பிழிந்துவிடுகிறது. பேட்டரியைக் கடைசி நிமிஷம் வரை சட்டைக்குள் வைத்திருந்துதான் போடுகிறோம், குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது.

இன்னும் ஒன்றுதான் சரியாக வரவில்லை. உள்ளே இருக்கும் ஸ்குரூத் தலைகள் பஞ்சைத் தின்கின்றன. சைக்கிள் ட்யூபை வெட்டி மேலே ஒட்டினேன், மெல்லியதாக இருப்பதால் மூன்று வாரத்தில் கிழிந்துவிட்டது. பட்டறையில் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி ட்யூப் கிடந்தால், ஒட்டு இல்லாத பக்கமாக இரண்டு முழம் வெட்டி, சித்தி மார்ச்சில் வரும்போது கொடுத்து அனுப்புங்கள். எந்தப் பக்கத்தைச் சுரண்டி ஒட்டினால் நிற்கும் என்று ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். பேரன் உங்கள் கையெழுத்தைப் படிக்கப் பழகிவிட்டான்.

அன்புடன்,
உங்கள் மகன்