களை இல்லை, தாத்தாப்பூ

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் சாலையோரச் செடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு படத்தின் கீழ் 'பெயர் தெரியாத களை' என்று போட்டிருந்தீர்கள். படத்தில் இருந்தது நம்ம தாத்தாப்பூ! நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் நுனி மூன்றாகப் பிளந்த ஐந்தாறு வெளிர் இதழ்கள். காம்பைப் பிடித்து "தாத்தா தாத்தா தலை கொடு" என்று கட்டைவிரலால் சுண்டினால் தலை தெறித்து விழும். பள்ளிக்கூடம் போகிற வழியில் எத்தனை தாத்தாக்களின் தலையை வாங்கியிருப்போம்! முற்றியதும் விதைகளில் வெள்ளைப் பஞ்சு முளைப்பதைப் பார்த்தால் நரைத்த தலையேதான். பெயர் வந்தது இந்த நரையாலோ என்பது என் ஊகம்.

பெரியவர்களுக்கு இது வெட்டுக்காயப் பூண்டு. அரிவாள் பட்ட விரலில் இலையைக் கசக்கிச் சாறு பிழிவார் அப்பா; எரியும் எரிச்சலில் வெட்டே மறந்துபோகும். கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப் பூ என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் கோட்டுப் பொத்தானாம். என் ஓட்டு மூக்குத்திக்குத்தான்.

இத்தனைக்கும் இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. வந்த இடத்தில் இவ்வளவு பெயர் வாங்கியதைப் போய்ப் பெயர் தெரியாதது என்றால் எப்படி? அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்