மாரிக்கு முன் கதியால் வேலி

எல்லாருக்கும் வணக்கம். மழை இறங்கும் முன் கதியால் (நட்டால் வேர் பிடித்து உயிர்வேலியாகும் கொம்பு) போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கோ.

கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை மூன்றும் நன்றாகப் பிடிக்கும். கைமணிக்கட்டுப் பருமனான, முற்றிய கொம்பாக 5, 6 அடியில் வெட்டுங்கோ. பச்சைத் தளிர்க்கொம்பு அழுகிப்போகும். அடியைச் சரிவாகவும் நுனியை வேறு மாதிரியும் வெட்டினால், தலைகீழாக நடுகிற பிழை வராது. வெட்டின கொம்பை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்தால் வெட்டுவாய் காயும், அழுகல் குறையும்.

முதலில் எல்லையில் கயிறு பிடியுங்கோ. ஒரு சாண் விலகினாலே பக்கத்து வளவோடு காலத்துக்கும் மனஸ்தாபம். பிறகு அலவாங்கால் (கடப்பாரையால்) ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி, கதியாலுக்குக் கதியால் ஒரு அடி இடைவெளி. மணல் நிலமென்றால் இன்னும் கொஞ்சம் ஆழம். கொம்பைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டாம்: தலை பிளந்து, பட்டை உரிந்து, அந்த இடத்தாலேயே பட்டுப்போகும். குழியில் வைத்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இறுக்குங்கோ.

அதிகம் கெடுவது ஆட்டத்தால்தான். காற்றுக்குக் கொம்பு அசைந்தால் புது வேர் அறுந்துவிடும். ஆகவே குறுக்கே இரண்டு வரிச்சு (நீளத் தடி) வைத்துக் கட்டுங்கோ. துளிர் கண்டவுடன் வேர் பிடித்துவிட்டதென்று நம்பாதீர்கள், கொம்பில் இருக்கும் சத்திலேயே முதல் இலை வந்துவிடும். இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். வெள்ளம் நிற்கிற இடத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கோ. முதல் வருடம் ஆடு பட்டையைக் கடிக்காமல் கிடுகோ (பின்னின தென்னோலை) ஓலையோ மறைப்பாகக் கட்டுங்கோ. குழை வெட்டுவதை அடுத்த மாரிக்குப் பிறகு பார்க்கலாம்.