அனுமதிச் சீட்டு கேட்பது அரசாங்கம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் வட ஆஸ்திரேலியப் பயணக் கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் ஆளே இல்லாத கரையில் தூண்டில் போடக்கூட அனுமதிச் சீட்டா என்று கட்டுரையாளர் அலுத்துக்கொண்ட இடத்தில் எரிச்சல் வந்தது. சீட்டு கேட்பது கரைக்குச் சொந்தக்காரர்கள் சார். அரசாங்கம் அவர்களோடு வழக்காடித் தோற்றது.

வட ஆஸ்திரேலியாவில் ஆர்னெம் லேண்ட் பகுதியின் புளூ மட் விரிகுடா, யோல்ங்கு என்ற பழங்குடி மக்களின் கடல். 1996இல் அங்கே திருட்டுத்தனமாகக் கொடுவா பிடிக்க வந்தவர்கள் கூடாரம் போட்ட இடத்தில், ஒரு சாக்குக்குள் வெட்டிய முதலைத் தலை கிடந்தது. யோல்ங்குகளுக்கு முதலை மூதாதை, அந்த இடமே அதன் இருப்பிடம். அதைப் பார்த்தவர் ஜம்பாவா மராவிலி, யோல்ங்குகளில் மதர்ப்பா குலத்தின் தலைவர், ஓவியரும்கூட. நம் ஊர் என்றால் சாலை மறியல்தான். அவர்கள் உட்கார்ந்து படம் வரைந்தார்கள்! மரப்பட்டையை உரித்து நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி, காவியும் வெள்ளைக் களிமண்ணும் குழைத்து, தலைமுடியால் கட்டிய தூரிகையில் இழை இழையாக இழுத்த 80 ஓவியங்கள். மதர்ப்பாக்காரர்கள் போடும் சாய்சதுரக் கட்டம் முதலையின் முதுகில் நெருப்பு சுட்ட வடு, அதுவே அந்த விரிகுடாத் தண்ணீரும். வேறு குலத்தார் அதை இஷ்டத்துக்குப் போட்டுவிட முடியாது. யாருடைய தண்ணீர் எது என்று பட்டா மாதிரி படத்திலேயே இருக்கிறது.

அப்புறம் வழக்கு. 2008 ஜூலை 30 அன்று ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் சொன்னது, பழங்குடி நிலவுரிமை வற்றத்தில் கடல் உள்வாங்கும் எல்லை வரை செல்லும், ஆகவே ஏற்றத்தில் அதன்மேல் நிற்கும் தண்ணீரில் மீன்பிடிக்கவும் அவர்கள் சம்மதம் வேண்டும் என்று. வட பிராந்தியக் கரையில் சுமார் 80 சதவீதம் இதில் அடங்கும்.

ஆளில்லாத கரை என்பதும் சரியில்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து மகசார் வணிகர்கள் 1907 வரை பருவக்காற்றோடு வந்து, யோல்ங்குகளோடு சேர்ந்து கடல் அட்டை எடுத்து, அவித்துக் காயவைத்துச் சீனச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் விட்டுப்போன புளியமரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன (நம் ஆட்கள் இதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்).

சில பகுதிகளை உடன்பாடு போட்டுப் பொதுவில் திறந்துவிட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களுக்கு, பழங்குடி நிலச் சொந்தக்காரர்கள் சார்பில் செயல்படும் நார்தர்ன் லேண்ட் கவுன்சிலில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஓவியங்கள் சிட்னியில் ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திடம் இருக்கின்றன, காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுக் கட்டுரையாளர் போய்ப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டார்வின்