பதினான்கு காரட்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பின கட்டுரையைப் படித்து முடித்தேன். ராணுவம், போலீஸ், நீதிமன்றம், இந்த மூன்றோடு அரசாங்கம் நின்றுகொள்ள வேண்டும், மற்றதை மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் சாரம். அமெரிக்காவில் கிளம்பின புதுச் சங்கதி மாதிரி எழுதியிருக்கிறாய். அப்படியொன்றும் இல்லை. 1959இல் சென்னையில் ராஜாஜி சுதந்திராக் கட்சியை அறிவித்தபோது பேசினது ஏறக்குறைய இதைத்தான், அதுவும் எண்பது வயதில். தொழில் தொடங்க ஒரு சீட்டு, பெரிதாக்க ஒரு சீட்டு, வெளிநாட்டிலிருந்து மெஷின் வாங்க ஒரு சீட்டு என்றிருந்ததை 'லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம்' என்று விளாசினார். 1967இல் அந்தக் கட்சிக்கு மக்களவையில் 44 இடம் கிடைத்தது. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளவே தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டின காலம் அது.

பெர்மிட் என்றால் என்னவென்று உன் தாத்தாவின் நகைப் பட்டறையில் பார்த்தவன் நான். சீன யுத்தம் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. அந்நியச் செலாவணி இல்லை, தங்க ஆசையைக் குறைத்தால் கடத்தலும் குறையும் என்பது நிதி மந்திரி மொரார்ஜி தேசாயின் கணக்கு. இனிப் புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது. அதாவது நூற்றுக்கு 58 பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். தாத்தா கை பழகினது 22 காரட்டில். 14 காரட்டை மெல்லிய கம்பியாக இழுத்துப் பூ வேலைக்கு வளைத்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். நிறமும் சிவப்படிக்கும். தாலிக்கு அதை யார் கேட்பார்கள்? வேலை கொடுக்க ஆள் வரவில்லை. நாடு முழுக்க இதே கதை. நகை செய்கிற பத்தர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் பேப்பரில் வந்தன.

14 காரட் விதி 1966இல் போனது. ஆனால் 1968இல் தனிச் சட்டமே போட்டார்கள். பத்தருக்குச் சான்றிதழ், கையில் வைத்திருக்கிற தங்கத்துக்கு உச்சவரம்பு, கணக்குப் புத்தகம். எங்கள் பட்டறைக்கு வருகிற அதிகாரி புத்தகத்தைப் பார்ப்பார், பெட்டியில் இருப்பதை நிறுப்பார். இரண்டும் ஒத்துப்போகாது. எப்படி ஒத்துப்போகும்? அரம் போடும்போது உதிர்கிற பொடி உமியிலும் தரையிலும் பாய் இடுக்கிலும் கிடக்கும். குப்பையைச் சேர்த்து வைத்து அரித்தால்தான் அது தங்கமாகத் திரும்பி வரும். அதுவரை கணக்கில் துண்டு விழத்தான் செய்யும். அந்தத் துண்டுக்கு ஒரு விலை இருந்தது, தாத்தா கொடுத்தார். கடத்தலாவது நின்றதா? கடல் வழியாகத் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து சினிமா வில்லன்கள் பெட்டி பெட்டியாகத் தங்க பிஸ்கட்டோடு திரிந்தது சும்மா இல்லை. 1990இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

இதுவரைக்கும் நான் உன் கட்சி. தாத்தா 22 காரட்டில் ஒரு தாலி செய்தால் யாருடைய கிணறு கெட்டது?

ஆனால் உன் கட்டுரையில் பள்ளிக்கூடமும் தனியார் பாடு என்று ஒரே வரியில் போகிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இதே ராஜாஜி 1953இல் கிராமத்துப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தார். தொழில் தொடங்க யாரிடமும் சீட்டு வாங்க வேண்டாம் என்று பிறகு சொன்னவர்தான் இதையும் செய்தார். (மதுவிலக்கை 1937இல் சேலத்தில் தொடங்கினவரும் அவரே. உங்கள் ஆட்கள் அவரை எந்த வரிசையில் உட்கார வைப்பார்களோ!) அடுத்த வருஷம் காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். நிலைத்திருந்தால் அவிநாசிப் பக்கத்துப் பத்தர் மகன் நான் பட்டறையில் உமி ஓட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். என்னைப் படிக்க வைத்தது அரசாங்கப் பள்ளியும் மத்தியானச் சோறும். வரிப்பணம்தான். அதைத் திருட்டு என்று சொல்பவர்களும் உங்களில் உண்டாமே?

அப்புறம் நொய்யல். திருப்பூர் சாயத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டின அணை. கடைசியில் தண்ணீர் விடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும்படி ஆனது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 முதலே இருந்தது. இருந்தும் கோர்ட்டுக்குப் போனது கீழே நிலம் வைத்திருந்தவர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகு திறந்தால் போதும் என்று.

பார்த்தீர்களா, சொத்துக்காரன் வழக்குப் போட்டான், நீதிமன்றம் தீர்த்தது என்று நீ துள்ளுவாய். கொஞ்சம் பொறு. நீதிபதி கையில் 1974ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. வரம்பு எவ்வளவு என்று எழுதியிருந்தது. அளக்க ஆள் இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தாலும். இதெல்லாம் இல்லாமல், நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்குக் கீழே தென்னை வைத்திருக்கிற ஒருவர் வழக்குப் போட்டால், எந்தக் குழாயின் உப்பு எந்தக் கிணற்றில் இறங்கியது என்று யார் அளப்பது, யார் செலவில்? உங்கள் பேராசிரியர்களிடம் கேட்டு எனக்கு எழுது.

அப்பா