ஐந்து புளியங்கொட்டைகள்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று என் மகனுடைய மூன்று மாத சர்க்கரை ரிசல்ட் வந்தது. டாக்டர் தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையேம்மா" என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். ஆடியில் அவன் உடம்பை வைத்து எங்கள் வீடு பட்ட பாட்டைத் திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

இவனைப் போன்ற பிள்ளைகளுக்குக் கழுத்து மூட்டு தளர்ந்திருக்கலாம் என்று முதலில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "நடக்கட்டும், குட்டிக்கரணம் மட்டும் வேண்டாம்" என்ற டாக்டர், டவுன் சிண்ட்ரோமோடு, அதாவது ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பிறந்த இந்தப் பிள்ளைகளுக்குத் தைராய்டு குறைவது சகஜம், அதனால் அசதி வரும், சோம்பேறி என்று திட்டாதீர்கள் என்று புரியவைத்த பிசியோதெரபிஸ்ட் தங்கை, நடுராத்திரி ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக மதுரைத் தெப்பக்குளத்துப் பூக்கார அக்காவுக்கு. அவரிடம் இருப்பது பட்டன் போன், நானே போய் வாசித்துக் காட்டுவேன்.

குளத்தைச் சுற்றிவந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. முதல் நாள் கால் சுற்றிலேயே மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறவியிலேயே தளர்ந்த தசை, சீக்கிரம் களைத்துவிடுவான். பதினேழு வயதுப் பையனை நான் எப்படித் தூக்குவது? "இன்னும் ரெண்டு சுத்து" என்றாலும் எண்ணிக்கை அவனுக்குப் பிடிபடாது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் மூன்று புளியங்கொட்டையை அவன் கையில் வைத்தார்.

"இந்தாய்யா, புடி. ஒரு சுத்து வந்தா ஒரு கொட்டைய இந்த டப்பாவுல போடு."

கை காலியானால் வீடு. அது புரிந்துவிட்டது. தகர டப்பாவில் 'டக்' என்று விழும் சத்தத்துக்காகவே நடந்தான். இப்போது ஐந்து கொட்டை.

ஒருநாள் கள்ளன் நாலைப் போட்டுவிட்டு ஐந்தாவதைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டான். "எங்க இன்னொண்ணு?" அக்கா விடவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு முழுச் சுற்றும் போய் வந்தான்.

அவனைப் பார்க்கிறவர்கள் "பாவம்" என்று பஜ்ஜியோ பிஸ்கட்டோ நீட்டுவார்கள். பாசம்தான், மறுக்கவும் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்தப் பாவமெல்லாம் சேர்ந்துதான் அவன் இடுப்பில் ஏறியது. விளையாட்டு பீரியடில் அவனை ஓரமாக உட்காரவைத்த பழைய பள்ளியும் அக்கறை என்றுதான் சொன்னது. அவனிடம் கறாராக வேலை வாங்கிய முதல் வெளியாள் அக்காதான்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968-ல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் நூறு மீட்டர் நடைப்போட்டிகூட உண்டு என்று ஆசிரியர் சொன்னதிலிருந்து ஷூவோடுதான் தூங்குவேன் என்கிறான். சரி, அது அப்புறம்.

இனி ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் பக்கம் நிற்பேன். இப்படிப் பிள்ளை இருக்கிற யார் வந்தாலும் கூட நடக்கிறேன். கொட்டை கொண்டுவர வேண்டாம். வீட்டுப் புளியிலிருந்து எடுத்து அக்கா ஒரு பொட்டலமே சேர்த்து வைத்திருக்கிறார்.