ஆரம் பேங்க்ல இருக்குது அம்மிணி

அன்புள்ள கண்ணுக்கு,

போன்ல சொல்லியிருக்கலாம். உங்கப்பா ஊட்ல இருக்கறப்ப பேச முடியாது. அவரு மில்லுக்குக் காவலுக்குப் போன பின்னால பேசலாம்னா, நீ ஆபீஸ் வண்டியில உக்காந்துட்டு "அம்மா, ஒண்ணும் கேக்கல"ங்கற. அதுதான் எழுதறேன். ஜாக்கெட் அளவைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லாத கை, இப்பவே வலிக்குது.

மொதல்ல விசயத்தைச் சொல்லிப்போடறேன். இல்லீன்னா கடைசி வரைக்கும் சுத்தி வளைச்சுட்டே இருப்பேன். உன்ற மூணரைப் பவுன் ஆரம் பீரோவுல இல்லை. பேங்க்ல இருக்குது. 2025 ஆடியில நான்தான் கொண்டுபோய் அடகு வெச்சேன். உன்கிட்டக் கேக்கல. மொத வருசச் சம்பளத்துல சேத்து வெச்சு நீயே வாங்கினது, அதைக் கேக்காம எடுத்தது தப்புத்தான். வைகாசியில சித்தி ஊட்டுக் கல்யாணத்துக்கு வர்றப்ப பீரோவைத் திறந்து நீயே பாத்துக்கறதுக்கு முன்னால நானே சொல்லோணும்னு எழுதறேன்.

எதுக்கு வெச்சேன்னு கேளு. 2021-ல கொரோனாவுக்கு கல்யாணம் காட்சியெல்லாம் நின்னுபோச்சு. பந்தி விரிக்க ஆளில்லைன்னா நாம நெய்யற ஜமக்காளம் ஆருக்கு வேணும்? தறி ஓடல. உங்கப்பாவுக்கு ஆபரேசனும் அப்பத்தான் வந்துச்சு. தெரிஞ்சவங்ககிட்ட 1,50,000 வாங்கினோம். ரெண்டு வட்டி. "கொஞ்சம் கடன் இருக்குது"ன்னு மட்டும்தான் உனக்குத் தெரியும். நூத்துக்கு மாசம் 2 ரூபா கேக்கறதுக்குச் சின்னதாத்தான் இருக்குது. மாசம் 3,000. வருசத்துக்கு 36,000. நாலு வருசம் ஒரு மாசம் தவறாமக் கட்டினோம். ஒரு நாள் ஜாக்கெட் நோட்டுல பின்பக்கம் பெருக்கிப் பாத்தேன். 48 மாசத்துக்கு 1,44,000. வாங்கின காசுக்கு ஆறாயிரம்தான் கம்மி. அசல்ல ஒத்தை ரூபா கொறையல. அன்னைக்கு ராத்திரி தூங்கல.

மூணு வருசமானா கடன் எழுதிக் குடுத்த நோட்டு செல்லாதுன்னு 2024-ல புதுசா ஒரு புரோநோட்டு எழுதி வாங்கிட்டாங்க. வெறும் செக் ரெண்டுலயும் கையெழுத்து. உங்கப்பா தலை நிமிராம போட்டுக் குடுத்தாரு. அவங்க மேல குத்தம் சொல்லல, சொன்ன வட்டிக்கு மேல ஒரு பைசா கேட்டதில்லை. கணக்குப் போடாதது நாங்கதான்.

பேங்க்ல நகைக்கு வருசத்துக்கு நூத்துக்கு 9 ரூபா. மாசத்துக்கு முக்கால் ரூபா, அவ்வளவுதான். அதே ஒண்ணரை லட்சத்துக்கு வருசம் 13,500. மதிப்புல நூத்துக்கு 75 வரைக்கும் குடுக்கலாம்னு சொன்னாங்க, அந்தக் கணக்குல ஒண்ணரை லட்சத்துக்கு எச்சாவே தரேன்னாங்க. வேண்டாம்னுட்டேன். எடுத்த காசை அப்படியே கொண்டுபோய், நோட்டையும் செக் ரெண்டையும் கையில வாங்கிப் பாத்த பின்னாலதான் எண்ணி வெச்சேன். நோட்டை அங்கயே கிழிச்சேன். உங்கப்பா அந்தத் துண்டையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில போட்டுட்டு வந்தாரு, எதுக்குன்னு தெரியல.

பேங்க் அசலை அடைக்கறதுக்கு வழி தேடறப்பத்தான் அட்டாலியைப் பாத்தேன். ஏணி வெச்சு ஏறினா ஒரு ஆள் திரும்ப எடமில்லை. கோணிக்கு அடியில கலைஞர் டிவி, அதுக்கு மேல அம்மா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். ரெண்டு ஆட்சியும் ஒண்ணா குடித்தனம் பண்ணிட்டிருந்துச்சு, ஒண்ணும் ஓடாது. உன்ற பன்னெண்டாவது லேப்டாப்பும் அங்கதான், பேட்டரி உப்பிப்போய்க் கெடந்துச்சு, அதை மட்டும் பயந்துட்டு மொதல்லயே வெளிய அனுப்பிட்டேன். என்ற கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டிபன் கேரியர் ஏழு. ஏழும் பிளாஸ்டிக் பை கூடப் பிரிக்கல. உனக்குச் சீர் வெக்கறதுக்குன்னு வெச்சிருந்தேன். உண்மையைச் சொல்லு, பெங்களூருல அடுக்கு கேரியர் எடுத்துட்டு ஆபீஸ் போவியா?

பழைய பேப்பர் 64 கிலோ, கிலோ 12-ன்னு 768 ரூபா. பித்தளை 31 கிலோ, கிலோ 430. செப்புத் தவலை நாலு கிலோ, கிலோ 650. எல்லாம் சேந்து 16,698. பித்தளையில ஆத்தாவோட அண்டாவும் இருந்துச்சு, விளிம்புல புள்ளி புள்ளியா பேரு வெட்டினது. நான் எடுக்கல, உங்கப்பாதான் எடுத்து வண்டியில வெச்சாரு. கடையில எடை போட்டு முடிச்ச பின்னால, "மறுக்கா ஒருக்கா போடுங்க"ன்னாரு. எடை சரியாத்தான் இருந்துச்சு. மறுபடி ஒருக்கா அவரு கையில தூக்கி வெச்சாரு. நான் ரோட்டைப் பாத்துட்டு நின்னேன்.

உங்கப்பா கால் விட்டு உக்காந்து நெய்ஞ்ச தறிக்குழியைத்தான் கடைசியா விட்டு வெச்சிருந்தேன். தறி நின்னதுக்கு அப்புறம் குழி மேல பலகையைப் போட்டு, அதுக்கு மேல கட்டில், கட்டிலுக்கு மேல துணி மூட்டை. நாலு வருசம் அந்த ரூம்ல ஆரும் நடக்கலைன்னுதான் நெனச்சிருந்தேன். பலகையைத் தூக்கினா உள்ள பாதிக்கு குப்பை. பழைய நூல் கண்டு, தறியில நூலை ஓட்டற நாடா ரெண்டு, ஒடைஞ்ச தறி அச்சு, உன்ற பரிட்சை அட்டை, எலி கடிச்ச மொய் நோட்டு. ஒரு ஓரமா ஒரு பிஸ்கட் டப்பா. அதுல 48 வட்டித் துண்டுச் சீட்டும் தேதி வாரியா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்துச்சு. கிழிச்ச நோட்டும் அதுலதான் இருந்துச்சு. நான் கணக்கே இல்லைன்னு நெனச்சுட்டிருந்தேன். அவரு வெச்சுட்டுத்தான் இருந்திருக்காரு, எடுத்துப் பாக்கத்தான் தைரியமில்லை.

அதே டப்பாவுல பேப்பர்ல வந்த துண்டு ஒண்ணு, பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கெடைச்சப்ப வெட்டி வெச்சது. ஜமக்காளம் கைத்தறிக்குன்னே 1985-ல சட்டம் போட்டிருக்குதுன்னு அவரு சொல்றதை நீயும் ஆயிரம் தடவை கேட்டிருப்ப. சந்தையில சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு கம்மி வெலைக்குக் கெடக்கறப்ப சட்டத்தை ஆரு பிரிச்சுப் படிக்கறாங்க. அந்தத் துண்டை மட்டும் பத்திரமா வெச்சிருக்கேன். நாடா ரெண்டையும் வெச்சாச்சு. அச்சு போயிருச்சு.

இப்ப கணக்கு. நான் தைக்கறதுலயும் உங்கப்பா சம்பளத்துலயும் மாசம் 7,000 பேங்க்ல கட்டறோம், எட்டு மாசமாச்சு. பழைய சாமான் காசையும் அதுலயே கட்டினேன். வட்டி போக 84,000 சொச்சம் நிக்குது. ஆடி வந்தா ஒரு வருசம். வட்டியைக் கட்டி மறுபடி அடகு வெக்கோணும். இன்னொரு வருசத்துல ஆரம் உன் கையில.

அந்த 84,000-த்தை நானே அனுப்பறேன்னு சொல்லுவ. அனுப்பாத அம்மிணி. கோவிச்சுக்காத, நீ 5,000 அனுப்பின மாசமெல்லாம் நாங்க நிம்மதியா வட்டியைக் கட்டிட்டு அசலை மறந்துட்டோம். உன்ற காசு எங்களுக்குக் கண்ணை மறைச்சிருச்சு. நீ புதுசா வாங்கின போனுக்கும் தவணைதான? "வட்டியே இல்லைம்மா"ன்ன. வட்டியில்லாம எவன் குடுக்கறான், வெலையில எவ்வளவு ஏத்தியிருக்கான், மேல என்ன சார்ஜ்னு ஒருக்கா பெருக்கிப் பாரு. சாமி சத்தியமா சொல்றேன், பெருக்கிப் பாக்கறதுல ஒரு நிம்மதி இருக்குது.

கல்யாணத்துக்கு என்ற ரெட்டை வடச் சங்கிலியைப் போட்டுக்க. ஒறம்பரைக ஆராச்சும் ஆரம் எங்கன்னு கேட்டா பேங்க்ல இருக்குதுன்னே சொல்லு. உங்கப்பா முன்னாலயும் சொல்லு. நான் ஆரத்தை வெச்ச கதையை உனக்கு எழுதப் போறேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல, "பேனா இருக்குதா"ன்னு மட்டும் கேட்டாரு.

உன்ற சாமான்ல நோட்டுப் புஸ்தகம் ஒரு அட்டைப் பெட்டி, பள்ளிக்கூடத்துல வாங்கின கப்பு மூணு, அந்தப் பச்சைப் பாவாடை, இதையெல்லாம் தனியா எடுத்து வெச்சிருக்கேன். மத்ததை நீ வந்து பாத்துட்டுச் சொல்லு, அதுவரைக்கும் தொட மாட்டேன். வர்றப்ப எங்களுக்குன்னு எதுவும் வாங்கிட்டு வராத, குறிப்பா டப்பா.

ரூம் காலியாயிருச்சு, குழியை இன்னும் மூடல. மண்ணு போட்டுச் சிமெண்ட் பூசக் கேட்டா அதுக்கொரு வெலை சொல்றாங்க, இப்ப வேண்டாம்னுட்டேன். பலகையும் ஒரு பக்கம் உளுத்துப்போச்சு. நீ ராத்திரி வண்டியில வந்தா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னால லைட்டைப் போட்டுக்க.

உன்ற அம்மா