நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு மாரெக் தடுப்பூசி கோரி மூன்றாவது மனு

பெறுநர்: மாவட்டக் கால்நடை அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: பழைய லயத்துக் கோழி வளர்ப்போர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாரியம்மன் கோயிலைத் தாண்டி, மூடிக்கிடக்கும் ரப்பர் ஆலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தாங்கள் அறிந்ததே. முந்தைய இரண்டு மனுக்களுக்கும் பதில் வரவில்லை.

1. இங்கே 11 குடும்பங்கள் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் காசு அதில்தான்.

2. மூன்று மாதக் கோழிக்கு முதலில் ஒரு கால் இழுக்கிறது. பிறகு ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டி மண்ணில் சாய்ந்துவிடுகிறது. தீனியைப் பார்க்கிறது, எட்டிக் கொத்த முடியவில்லை. கரண்டியில் தண்ணீர் காட்டினால் குடிக்கிறது. அப்படியே நாலைந்து நாள் கிடந்து சாகிறது. போன வாரம் செத்த பெட்டையை அறுத்தோம். ஈரல் வீங்கி, வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். இது மாரெக் நோய், வைரஸால் கோழிக்கு வரும் புற்றுநோய், வந்தபின் மருந்து இல்லை, பொரித்த அன்றே கழுத்துத் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில்தான் சொன்னார்கள். சரி, ஊசி எங்கே ஐயா?

3. பெரிய பண்ணைக்குப் போகும் குஞ்சுக்குப் பொரிப்பகத்திலேயே போட்டுவிடுகிறார்கள். எங்களுக்குக் காட்டுவது 1000 குஞ்சுக்கான குப்பி. கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். 12 குஞ்சு வைத்திருப்பவர் என்ன செய்வார்?

4. இது புது மருந்தும் இல்லை. 1970 வாக்கிலேயே, வான்கோழியிடம் கிடைத்த வைரஸை வைத்துச் செய்து, ஊசி போட்ட குஞ்சையும் போடாத குஞ்சையும் ஒப்பிட்டுச் சோதித்தே கொடுத்தார்கள். புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசியே இதுதான். நம் மலேசியப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி வந்தது 2010-இல். அதற்கு 40 வருடம் முந்திய கோழி ஊசி எங்கள் லயத்துக்கு இன்னும் வரவில்லை!

5. ஆகவே நாங்களே ஒரு வழி செய்துவிட்டோம். 11 வீட்டிலும் ஒரே நாளில் அடை வைத்தோம். 21 நாள் கணக்கில் வரும் வெள்ளிக்கிழமை பொரிக்கும். கூண்டுகளைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஒரு குப்பியும் பழகிய கை ஒன்றும் போதும். குப்பிக்குக் காசு நாங்களே தருகிறோம். எத்தனை பிழைக்கின்றன என்று வாராவாரம் எழுதித் தருகிறோம். ஒப்பிட்டுப் பார்க்கச் சில குஞ்சுகளை ஊசி போடாமல் விடச் சொல்லாதீர்கள், ஐயா. போடாத கணக்கு எங்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது: என் வீட்டில் போன அடையில் 12-இல் 5தான் பிழைத்தன.

வெள்ளி காலை கோயில் மண்டபத்தில் கூடையோடு காத்திருப்போம். தயவுசெய்து அன்றே வாருங்கள். அடுத்த வாரம் என்றால், நோய்க்கிருமி கலந்த லயத்து இறகுத் தூசியைக் குஞ்சுகள் மூச்சில் இழுத்திருக்கும்.

இப்படிக்கு,
பழைய லயத்து 11 குடும்பத்தார்